முதல்வர் நாற்காலியில் அம்பேத்கர்

ஊர்தோறும் நிற்கும் சிலைகளில் அண்ணல் அம்பேத்கர் அரசமைப்புச் சட்டப் புத்தகத்தை ஏந்தி நிற்கிறார். சட்டம் தந்தவர், மகாத் குளத்தில் தண்ணீர் அள்ளியவர், நாக்பூரில் பௌத்தம் தழுவியவர் என்று அவரை அறிந்திருக்கிறோம். அவர் கல்லூரிப் பேராசிரியராக இருந்தவர், அரசுச் சட்டக் கல்லூரி ஒன்றின் முதல்வராக இருந்தவர், கல்லூரிகளை நிறுவி நடத்தியவர் என்பது நம் மேடைகளில் ஒரு வரியில் கடந்து போகிறது.

அந்த ஒரு வரியை விரித்துப் பார்க்க வேண்டிய காலம் இது. நம் பிள்ளைகள் கல்லூரி வாசலைத் தாண்டிவிட்டார்கள். தாண்டியவர்கள் உள்ளே நிலைப்பார்களா, பாதியில் ஊர் திரும்புவார்களா என்பதை இட ஒதுக்கீடு மட்டும் முடிவு செய்வதில்லை. அந்த நிறுவனத்தின் தலைமை நாற்காலியில் இருப்பவரும் சேர்ந்தே முடிவு செய்கிறார். மாணவராக, ஆசிரியராக, முதல்வராக, நிறுவனராக நான்கு நிலைகளிலும் நின்று இதை அறிந்தவர் அம்பேத்கர்.

சாக்கில் உட்கார்ந்த மாணவர்

1891 ஏப்ரல் 14 அன்று மாவ் படைமுகாமில் பிறந்தார் பீமராவ். தந்தை ராம்ஜி, ராணுவப் பள்ளியில் ஆசிரியராகவும் பணியாற்றிய சுபேதார். வீட்டில் படிப்புக்கு மரியாதை இருந்தது. பள்ளிக்கூடத்தில் இல்லை. சதாராவில் அந்தச் சிறுவன் மற்றவர்களிடமிருந்து விலகி, வீட்டிலிருந்து கொண்டுவந்த சாக்கை விரித்து உட்கார்ந்தான். பள்ளிச் சிப்பந்தி இருந்து மேலிருந்து ஊற்றினால் தண்ணீர் கிடைக்கும். சிப்பந்தி வராத நாளில் தாகத்தோடு வீடு திரும்ப வேண்டும்.

பம்பாய்க்குக் குடும்பம் பெயர்ந்தபின் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். அது அரசுப் பள்ளி. அங்கேயும் கரும்பலகையில் கணக்குப் போட ஆசிரியர் அவரை அழைத்தபோது, பலகைக்குப் பின்னால் வைத்திருந்த சாப்பாட்டுப் பாத்திரங்கள் தீட்டாகிவிடும் என்று மற்ற மாணவர்கள் ஓடிப்போய் அவற்றை அகற்றினார்கள். சமஸ்கிருதம் படிக்க விரும்பியவருக்குப் பாரசீகம் படிக்க வேண்டியதாயிற்று. அந்தப் பள்ளியில் விதிப்புத்தகம் யாரையும் ஒதுக்கவில்லை. வகுப்பறை ஒதுக்கியது. இந்த வேறுபாட்டை அவர் பிற்காலத்தில் ஒருபோதும் மறக்கவில்லை.

1907-ல் மெட்ரிகுலேஷன் தேறினார். அதைப் பாராட்ட நடந்த கூட்டத்தில் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேலுஸ்கர் என்ற ஆசிரியர், தாம் எழுதிய புத்தர் வாழ்க்கை வரலாற்றை அவருக்குப் பரிசளித்தார். கேலுஸ்கர் புத்தகத்தோடு நிற்கவில்லை. படிப்பைத் தொடரப் பணமில்லாத நிலை வந்தபோது, பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட்டிடம் எடுத்துச் சொல்லி மாதம் 25 ரூபாய் உதவித்தொகைக்கு வழி செய்தவரும் அவரே.

எல்பின்ஸ்டன் கல்லூரியில் அவருக்கு இரண்டு அனுபவங்கள் ஒரே நேரத்தில் கிடைத்தன. கல்லூரி உணவகக்காரர் அவருக்குத் தேநீரும் தண்ணீரும் கொடுக்க மறுத்தார். பேராசிரியர் முல்லர் தம் புத்தகங்களைப் படிக்கக் கொடுத்தார், உடுத்த உடையும் கொடுத்தார். ஒரே வளாகத்தில் ஒருவர் தண்ணீரை மறுக்கிறார், ஒருவர் புத்தகத்தை நீட்டுகிறார். 1912-ல் பீமராவ் பட்டப்படிப்பை முடித்ததில் அந்த நீட்டிய கைக்கும் பங்கு உண்டு.

மேலே நல்ல மனம், கீழே பழைய மனம்

1913-ல் பரோடா மன்னரின் உதவித்தொகையோடு நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். படிப்பு முடிந்ததும் பரோடா சமஸ்தானத்தில் பத்தாண்டுகள் பணிபுரிய வேண்டும் என்பது ஒப்பந்தம். தண்ணீர்ப் பானைக்குத் தீட்டு பார்க்காத, பக்கத்து இருக்கையில் உட்காரத் தயங்காத ஒரு கல்வி நிலையத்தை வாழ்க்கையில் முதல் முறையாக அங்கே கண்டார். பொருளாதாரப் பேராசிரியர் எட்வின் செலிக்மன் அவருக்கு வழிகாட்டினார். ஜான் டூயியின் வகுப்புகள் அவருடைய சிந்தனையை மாற்றின. 1916 மே மாதம் மானுடவியல் அறிஞர் கோல்டன்வைசரின் கருத்தரங்கில், இந்தியாவில் சாதிகள் தோன்றிய விதம் பற்றிக் கட்டுரை படித்தார். ஒரு தீண்டப்படாத மாணவர் சாதியைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை படிக்கிறார், மூத்த பேராசிரியர்கள் அமர்ந்து கேட்கிறார்கள் என்பது அன்றைய இந்தியாவில் எந்தக் கல்லூரியிலும் எளிதில் நடந்திருக்கக் கூடிய காரியமல்ல.

அங்கிருந்து லண்டன் பொருளாதாரப் பள்ளிக்குப் போனவரை 1917-ல் உதவித்தொகைக் காலம் முடிந்தது என்று திரும்ப வரச் சொன்னார்கள். நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்று லண்டன் பல்கலைக்கழகம் அனுமதி கொடுத்திருந்தது. ஒரு கல்வி நிறுவனம் மாணவரின் வறுமைக்காகக் கதவைச் சாத்தாமல் வைத்திருந்த அந்த ஓர் அனுமதி இல்லையென்றால், பின்னாளில் அவர் பெற்ற லண்டன் பட்டங்கள் இல்லை.

பரோடாவில் நடந்தது வேறு. அவரை உயர்ந்த பொறுப்புக்குக் கொண்டுவர வேண்டும் என்பது மன்னரின் விருப்பம். அலுவலகத்திலோ கடைநிலைச் சிப்பந்திகள் கோப்புகளைத் தூரத்திலிருந்து அவர் மேசையில் வீசினார்கள். அவருக்குக் குடிதண்ணீர் கிடைக்கவில்லை. தங்க அறை கொடுக்க ஊரில் ஆளில்லை. பார்சி விடுதி ஒன்றில் தங்கியிருந்தவரைக் கம்புகளோடு வந்த கூட்டம் வெளியேற்றியது. மரத்தடியில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் பம்பாய்க்கு ரயில் ஏறினார், கொலம்பியாவில் படித்துத் திரும்பிய அந்த அறிஞர்.

சாயாஜிராவ் கெய்க்வாட்டின் நல்ல மனத்தில் ஐயமில்லை. அவர் இல்லையென்றால் அம்பேத்கரின் உயர்கல்வியே இல்லை. ஆனால் மேலே இருந்த நல்ல மனம் அலுவலக மேசைவரை இறங்கி வரவில்லை. பணம் கொடுத்தார், பதவி கொடுத்தார். அந்தப் பதவியில் உட்கார்ந்தவர் குடிக்கத் தண்ணீரும் படுக்க இடமும் கிடைக்கிறதா என்று பார்க்க ஒருவரை நியமிக்கவில்லை. இடம் ஒதுக்குவதோடு தலைமையின் வேலை முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் கிடையாது.

பேராசிரியரின் தண்ணீர்ப் பானை

1918 நவம்பரில் பம்பாய் சைடன்ஹாம் வணிகவியல் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியரானார். சம்பளம் மாதம் 450 ரூபாய். தீண்டப்படாதவர் என்ன பாடம் நடத்திவிடப் போகிறார் என்று முதலில் அலட்சியம் காட்டிய மாணவர்கள் சில வாரங்களில் மாறினார்கள். பிற கல்லூரி மாணவர்களும் அனுமதி பெற்று அவர் வகுப்பில் வந்து உட்காரும் அளவுக்குப் பாடம் நடத்தினார்.

மாணவர்கள் மாறிய வேகத்தில் ஆசிரியர் அறை மாறவில்லை. பேராசிரியர்களுக்கென்று வைத்திருந்த பானையிலிருந்து அவர் தண்ணீர் எடுப்பதற்கு உடன் பணியாற்றிய சிலரே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். சதாரா பள்ளியில் ஆறேழு வயதில் பார்த்த அதே பானை, கொலம்பியாவில் படித்துவிட்டு வந்த பிறகும் எதிரே நின்றது. பட்டியலினப் பேராசிரியர் ஒருவருக்கு மாணவர்கள் தரும் மதிப்பைச் சக ஆசிரியர்கள் தர மறுப்பது இன்று தொடங்கிய கதையல்ல.

பரேல் பகுதியின் தொழிலாளர் குடியிருப்பில் வாழ்ந்து, சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். மனைவி ரமாபாய் அந்தச் சிறு தொகையில் குடும்பம் நடத்தினார். 1920 மார்ச்சில் வேலையை விட்டுவிட்டு லண்டன் புறப்பட்டார். கோலாப்பூர் சாகு மகராஜ் 1,500 ரூபாய் கொடுத்தார். கொலம்பியா காலத்து நண்பர் நவல் பதேனா 5,000 ரூபாய் கடன் கொடுத்தார்.

லண்டனில் அவருக்கு ஆசிரியராக அமைந்தவர் எட்வின் கேனன். ரூபாயின் சிக்கல் பற்றி அம்பேத்கர் எழுதிய ஆய்வேட்டைத் தேர்வாளர்கள் திருத்தி எழுதச் சொன்னார்கள். கையில் பணம் தீர்ந்து இந்தியா வந்து, இங்கிருந்தே திருத்தி அனுப்பினார். 1923-ல் டாக்டர் பட்டம் கிடைத்தது. அந்த ஆய்வேடு நூலானபோது கேனன் முன்னுரை எழுதினார். மாணவரின் சில முடிவுகளில் தமக்கு உடன்பாடில்லை என்பதை அதிலேயே சொல்லிவிட்டு, அவருடைய சிந்தனையின் புதுமையைப் பாராட்டியும் எழுதினார். தம்மை மறுக்கும் மாணவரைத் தாங்கிப் பிடித்த ஆசிரியர் அவர். ஆய்வு வழிகாட்டியின் கருத்துக்கு மாறாக ஒரு வரி எழுதினால் ஆண்டுக்கணக்கில் கையெழுத்துக்காக அலைய வேண்டியிருக்கும் என்று அஞ்சும் இன்றைய ஆய்வு மாணவர்களுக்கு இந்த முன்னுரை தெரிந்திருக்க வேண்டும். வழிகாட்டிகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பல்கலைக்கழகம் எதற்கு?

இந்தியா திரும்பியவர் 1924 ஜூலையில் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையைத் தொடங்கினார். அந்தச் சபை கையிலெடுத்த முதல் வேலைகளில் ஒன்று மாணவர் விடுதி. 1925 ஜனவரியில் சோலாப்பூரில் விடுதி திறக்கப்பட்டது. பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கும் பள்ளிக்கூடத்தில் தங்க வைப்பதற்கும் நடுவில் ஒரு விடுதி தேவை என்பது பரோடா கற்றுக்கொடுத்த பாடம்.

அதே 1924-ல் பம்பாய் பல்கலைக்கழகச் சீர்திருத்தக் குழு கேட்ட கேள்விகளுக்கு விரிவாக எழுத்தில் பதில் கொடுத்தார். பல்கலைக்கழகக் கல்வி மாணவரின் தலையில் செய்திகளை நிரப்புவதற்கு அல்ல, அவருடைய சொந்தச் சிந்தனையை வெளிக்கொண்டு வருவதற்கு என்பது அந்தப் பதிலின் சாரம். ஆராய்ச்சியையும் கற்பித்தலையும் பிரித்து வைப்பதை அவர் எதிர்த்தார். பட்ட மேற்படிப்பை இளநிலையிலிருந்து தனியே வெட்டி எடுத்தால் இரண்டும் கெடும், ஆராயும் அறிஞரே கீழ்வகுப்பு மாணவருக்கும் கற்பிக்க வேண்டும் என்றார். இதில் நமக்கு ஒரு செய்தி இருக்கிறது. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளை முதலாம் ஆண்டிலேயே நல்ல ஆசிரியரைச் சந்திக்க வேண்டும். பெரிய பேராசிரியர் மேல்வகுப்பில் காத்திருந்தால், அந்தப் பிள்ளை அங்கே வந்து சேர்வதற்குள் உதிர்ந்துவிடும்.

1927-ல் பம்பாய் சட்டமன்ற மேலவை உறுப்பினரானதும் கல்வி மானியத்தைப் பற்றியும் பல்கலைக்கழகச் சட்டத் திருத்தத்தைப் பற்றியும் பேசினார். பல்கலைக்கழகப் பேரவையில் பின்தங்கிய வகுப்பினருக்கு இடம் வேண்டும் என்று வாதாடினார். படிப்பவர்கள் எல்லாச் சாதியிலிருந்தும் வர வேண்டுமென்றால், முடிவெடுக்கும் மேசையைச் சுற்றிலும் எல்லோரும் இருக்க வேண்டும் என்பது அந்த வாதத்தின் அடிப்படை. இன்றைய பல்கலைக்கழக ஆட்சிக்குழுக்களையும் துணைவேந்தர் பட்டியல்களையும் பார்ப்பவர்களுக்கு இந்த வாதம் பழையதாகத் தெரியாது.

சட்டக் கல்லூரி முதல்வர்

1935 மே 27 அன்று ரமாபாய் மறைந்தார். கணவரின் படிப்புக்காகத் தம் வாழ்நாளைப் பட்டினியோடு பகிர்ந்துகொண்ட பெண். அந்தத் துயரம் ஆறும் முன்பே, அதே ஆண்டு ஜூன் மாதத்தில் பம்பாய் அரசுச் சட்டக் கல்லூரியின் முதல்வர் பொறுப்பை ஏற்றார் அம்பேத்கர். 1855-ல் தொடங்கிய கல்லூரி அது. ஏற்கெனவே 1928-ல் அங்கே பகுதிநேரப் பேராசிரியராகப் பாடம் நடத்தியவர், இப்போது தலைமை நாற்காலியில் உட்கார்ந்தார். 1938 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

அந்த மூன்றாண்டுகளை அவருடைய வாழ்க்கை வரலாற்றில் வைத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கும். 1935 அக்டோபரில் இயோலா மாநாட்டில், இந்துவாகச் சாகமாட்டேன் என்ற அறிவிப்பைச் செய்தபோது அவர் அரசுக் கல்லூரி முதல்வர். 1936-ல் சாதி ஒழிப்பு நூலை வெளியிட்டபோதும் முதல்வர். அதே ஆண்டு சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கியபோதும், 1937-ல் தேர்தலில் வென்று சட்டமன்றத்துக்குப் போனபோதும் முதல்வர். பதவியில் இருப்பவர் சமூக அநீதியைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று அவர் நினைக்கவில்லை. பதவியைக் காரணம் காட்டி வேலையைத் தட்டிக்கழிக்கவும் இல்லை. அந்தக் காலத்தில்தான் சட்டக் கல்வியை எப்படிச் சீர்திருத்த வேண்டும் என்று கல்லூரி இதழில் கட்டுரையும் எழுதினார்.

அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்ததே ஒரு செய்தி. கல்லூரிக்குள் நுழையும் ஒடுக்கப்பட்ட மாணவர், முதல்வர் அறையின் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் தன் முதுகு நிமிர்வதை உணர்ந்திருப்பார். ஆதிக்க சாதி மாணவரும் அதே பலகையைப் பார்த்துத்தான் உள்ளே போயிருப்பார். நம் பக்கத்தில் இதற்கு இணையான ஒன்று உண்டு. சென்னைச் சட்டக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த என்.சிவராஜ்தான், 1942-ல் அம்பேத்கரின் முன்முயற்சியில் உருவான அகில இந்தியப் பட்டியல் சாதிகள் கூட்டமைப்பின் தலைவரானார். அந்தச் சென்னைச் சட்டக் கல்லூரி இன்று அம்பேத்கரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. வகுப்பறையும் போராட்டக் களமும் அந்தத் தலைமுறைக்கு இரண்டு ஊர்களாக இருக்கவில்லை.

உதவித்தொகை பிறந்த கதை

1942-ல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். பதவியேற்ற சில மாதங்களில், அக்டோபரில், பட்டியல் சாதியினரின் குறைகளைத் தொகுத்து வைஸ்ராயிடம் விரிவான மனு கொடுத்தார். அதில் உயர்கல்விக்கு முக்கிய இடம் இருந்தது. பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்துக்கும் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்துக்கும் அரசு ஆண்டுதோறும் ஆளுக்கு 3 லட்சம் ரூபாய் கொடுப்பதைச் சுட்டிக்காட்டி, பட்டியல் சாதி மாணவர்களின் உயர்கல்விக்கும் அதே அளவு பணம் வேண்டும் என்று கேட்டார். குறிப்பாக அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்குக் கேட்டார். கேட்டது கிடைத்தது. 1944-ல் தொடங்கிய அந்த உதவித்தொகைதான் இன்று போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை என்று நாம் வரிசையில் நின்று விண்ணப்பிக்கும் திட்டத்தின் தொடக்கம்.

எம் மக்கள் ஏழைகள், இரக்கம் காட்டுங்கள் என்று அவர் கேட்கவில்லை. மற்றவர்களுக்குக் கொடுப்பதைக் கணக்குப் போட்டுக் காட்டி, எங்கள் பங்கு எங்கே என்று கேட்டார்.

காலைக் கல்லூரியும் கேள்விக் கல்லூரியும்

பிறர் நிறுவனங்களில் இடம் கேட்பதோடு நிற்காமல், நிறுவனத்தையே கட்ட முடிவு செய்தார். 1945 ஜூலை 8 அன்று மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். 1946 ஜூன் 20 அன்று பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி திறக்கப்பட்டது. சொந்தக் கட்டடம் இல்லை. போர்க்காலத்தில் ராணுவம் கட்டிய கொட்டகைகளில் வகுப்புகள் தொடங்கின.

அந்தக் கல்லூரியின் நேரத்தைப் பாருங்கள். வகுப்புகள் காலையில் நடந்தன. பகலில் அலுவலகத்திலோ ஆலையிலோ வேலை பார்த்துக் குடும்பத்தைத் தாங்கும் இளைஞர், காலையில் படித்துவிட்டு வேலைக்குப் போகலாம். ஏழை மாணவர் கல்லூரி நேரத்துக்கு ஏற்ப வாழ்க்கையை மாற்ற முடியாது, கல்லூரிதான் அவருடைய வாழ்க்கைக்கு ஏற்ப நேரத்தை மாற்ற வேண்டும் என்பதை, சாவடி விளக்கில் படித்துத் தேறிய ஒருவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கால அட்டவணை என்பது ஒரு தாள். அதில் யார் கையெழுத்துப் போடுகிறார் என்பதைப் பொறுத்து, சிலர் பட்டதாரி ஆகிறார்கள், சிலர் கூலிக்காரராகவே நின்றுவிடுகிறார்கள்.

ஆசிரியர்களைத் தேர்ந்தெடுத்ததிலும் அவர் பாதை தெளிவானது. சித்தார்த்தா கல்லூரியின் முதல் முதல்வராக அவர் அழைத்து வந்தவர், சமஸ்கிருத அறிஞர் ஏ.பி.கஜேந்திரகட்கர். பள்ளியில் சமஸ்கிருதம் மறுக்கப்பட்டவர், தம் கல்லூரியைச் சமஸ்கிருதப் பேரறிஞர் ஒருவரிடம் ஒப்படைத்தார். அவருடைய கல்லூரிகளின் கதவு எல்லாச் சாதி மாணவர்களுக்கும் திறந்திருந்தது. எல்லாச் சாதி ஆசிரியர்களுக்கும் திறந்திருந்தது. நம் பிள்ளைகளுக்குத் தரம் குறைந்த ஆசிரியர் போதும், ஏதோ ஒரு பட்டம் கிடைத்தால் போதும் என்ற எண்ணத்தை அவர் அண்டவிடவில்லை. பின்தங்கிய மாணவருக்கு மிகச் சிறந்த ஆசிரியர் வேண்டும் என்பதே அவர் கட்சி.

கல்லூரியில் மாணவர் நாடாளுமன்றம் இயங்கியது. சட்ட அமைச்சராக இருந்த நாட்களில் அவரே அங்கே வந்து பேசினார். இந்து சட்டத் தொகுப்பு மசோதாவைப் பற்றி நாடு முழுவதும் கூச்சல் எழுந்த வேளையில், அதை மாணவர்கள் முன் விளக்கினார். தம் நூல் சேகரிப்பிலிருந்தும் கல்லூரி நூலகத்துக்குப் புத்தகங்களைக் கொடுத்தார். பிள்ளைகளைவிடப் புத்தகங்களை நேசித்தவர் என்று பேர் வாங்கியவர், புத்தகத்தைக் கொடுக்க மனம் வந்தது மாணவர்களுக்குத்தான்.

அடுத்து அவர் தேர்ந்தெடுத்த ஊர் அவுரங்காபாத். நிஜாம் ஆட்சியில் உயர்கல்வி வாய்ப்பே அரிதாக இருந்த மராத்வாடாப் பகுதி. 1950 ஜூனில் அங்கே கல்லூரி தொடங்கியது. 1951 செப்டம்பரில் கட்டடத்துக்குக் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் அடிக்கல் நாட்டினார். எம்.பி.சிட்னிஸ் முதல்வராக இருந்து அதை வளர்த்தார். கல்லூரிக்கு வைத்த பெயர் மிலிந்த். கிரேக்க மன்னன் மிலிந்தன் பௌத்தத் துறவி நாகசேனரிடம் அடுக்கடுக்காகக் கேள்வி கேட்டவன். வளாகத்துக்கு நாகசேனவனம் என்று பெயர். மன்னனும் துறவியும் ஒருவரையொருவர் மதித்துக் கேள்வியும் பதிலுமாகப் பேசிய அந்த உறவையே கல்லூரியின் அடையாளமாக்கினார். கேள்வி கேட்டால் அடங்காப்பிடாரி என்று முத்திரை குத்தும் வளாகங்களுக்கு நேர் எதிரான பெயர் அது.

ஒடுக்கப்பட்டோரின் சிக்கலைச் சோறும் துணியும் மட்டுமே தீர்த்துவிடும் என்பதை அவர் ஏற்கவில்லை. தலைமுறை தலைமுறையாக மனத்தில் ஏற்றப்பட்ட தாழ்வுணர்ச்சியை அகற்ற வேண்டும், அதைச் செய்ய வல்லது உயர்கல்வி என்பது அவருடைய முடிவு. அந்த முடிவு பொய்க்கவில்லை. கொட்டகையிலும் வறண்ட நிலத்திலும் தொடங்கிய அந்த இரண்டு கல்லூரிகளிலிருந்து ஒரு தலைமுறை எழுந்து வந்தது. மராத்தித் தலித் இலக்கியத்துக்கு மேடை அமைத்த அஸ்மிதாதர்ஷ் இதழின் ஆசிரியர் கங்காதர் பந்தாவணே, மிலிந்த் கல்லூரியின் ஆசிரியர்களில் ஒருவர். கேள்வி கேட்கச் சொன்ன வளாகத்தில் இலக்கியம் பிறந்தது இயல்பு.

1956 மார்ச்சில் ஆக்ராவில் பேசியபோது, படித்து மேலே வந்தவர்கள் சமூகத்தை மறந்துவிட்டார்கள் என்ற வேதனையை வெளிப்படுத்தினார். அதே ஆண்டு டிசம்பர் 6 அன்று டெல்லியில் மறைந்தார். மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயரைச் சூட்ட 1978-ல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியதும் சேரிகள் கொளுத்தப்பட்டன, உயிர்கள் பறிக்கப்பட்டன. 1994 ஜனவரியில்தான் அந்தப் பெயர் ஏறியது. ஒரு கல்வியாளரின் பெயரைக் கல்வி நிலையத்துக்கு வைக்க 16 ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது.

இன்றைய நாற்காலிகள்

2016 ஜனவரி 17 அன்று ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர் ரோகித் வெமுலா உயிரை மாய்த்துக்கொண்டார். அவரும் நண்பர்களும் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டு, வளாகத்தில் திறந்தவெளியில் படுத்துறங்கிய நாட்களுக்குப் பிறகு நடந்தது அது. அவருக்கு இடம் கிடைத்திருந்தது. தகுதியும் இருந்தது. பரோடா விடுதியிலிருந்து துரத்தப்பட்டு ஏறக்குறைய நூறாண்டுகள் கழித்து, இன்னொரு தலித் அறிஞர் தங்க இடமின்றி வெளியே நின்றார்.

ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்திலும் சமவாய்ப்பு மையம் இருக்க வேண்டும், பாகுபாட்டை விசாரிக்கும் அலுவலர் இருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2012-லேயே விதி வகுத்தது. விதி வகுத்த நான்கு ஆண்டுகளில்தான் ரோகித்தின் மரணம். காகிதத்தில் உள்ள மையத்துக்கு உயிர் கொடுப்பவர் துணைவேந்தரும் முதல்வரும்தான். அந்த அலுவலரின் அறை எங்கே இருக்கிறது என்று உங்கள் மாவட்டத்துக் கல்லூரியில் படிக்கும் ஒரு பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். பதிலை வைத்தே அந்தக் கல்லூரியின் தலைமையை அளந்துவிடலாம்.

முதல்வர் ஒருவர் புதுச்சட்டம் எதற்கும் காத்திருக்காமல் செய்யக்கூடியவை நிறைய உண்டு. உதவித்தொகை வரத் தாமதமானால் கட்டணத்துக்காகத் தேர்வு எழுதவிடாமல் தடுக்காதிருக்கலாம். மாற்றுச் சான்றிதழைப் பிடித்து வைக்காதிருக்கலாம். விடுதி அறைகளைச் சாதி பார்த்துப் பிரிக்கும் வழக்கத்தை ஒரே உத்தரவில் நிறுத்தலாம். காலையில் செய்தித்தாள் போடும், இரவில் கடையில் நிற்கும் மாணவரின் வருகைப்பதிவைக் கருணையோடு பார்க்கலாம். பட்டியலின ஆசிரியருக்கு வகுப்பும் ஆய்வு மாணவரும் குழுப் பொறுப்பும் மற்றவர்களுக்குச் சமமாகக் கிடைக்கிறதா என்று கணக்கெடுக்கலாம். அவமானப்பட்டு வந்து முறையிடும் பிள்ளையை, படிப்பைப் பார் என்று திருப்பி அனுப்பாமல் உட்கார வைத்துக் கேட்கலாம்.

இவை எதற்கும் பெரிய நிதி தேவையில்லை. சாக்கில் உட்கார்ந்த சிறுவன் முதல்வரானபின் இவற்றைத்தான் நேரமாக, விடுதியாக, நூலகமாக, நல்லாசிரியராக மாற்றிக் காட்டினார். நம் ஊர்க் கல்லூரிகளின் முதல்வர் அறைகளில் பெரும்பாலும் அம்பேத்கர் படம் மாட்டியிருக்கிறது. அந்தப் படத்தின் கீழ் உட்கார்ந்து கையெழுத்திடும் ஒவ்வொருவரும், தமக்கு முன்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்த ஒரு முதல்வராக அவரைப் பார்க்க வேண்டும். பார்க்க மறந்தால், நினைவுபடுத்துவது பெற்றோரும் மாணவர்களும் இயக்கங்களுமாகிய நம் வேலை.